யார் யாருக்கு வாடகை தருவது? தென்கொரியாவில் அமெரிக்கப் படையின் செலவுக் கணக்கு

ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில் ஜிபூத்தி என்று ஒரு சின்னஞ்சிறு நாடு. அங்கே லெமோனியே முகாமில் அமெரிக்கப் படை தங்கியிருக்கிறது. அதற்கு அமெரிக்கா வாடகை கட்டுகிறது. 2014இல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்குச் சுமார் 6.3 கோடி டாலர். கிர்கிஸ்தானின் மனாஸ் விமானதளத்துக்கு 2009இல் வாடகை 1.74 கோடி டாலரிலிருந்து ஒரே தாவலில் 6 கோடிக்குப் போனது. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். அதே அமெரிக்கப் படை தென்கொரியாவிலும் இருக்கிறது. அங்கே வீட்டுக்காரர்தான் குடியிருப்பவருக்குப் பணம் தருகிறார். நிலத்துக்கு வாடகையும் கேட்பதில்லை.

யார் போய்விடுவார்களோ என்று யார் பயப்படுகிறார்கள் என்பதைப் பார்த்தால் பணம் எந்தப் பக்கம் ஓடும் என்பது புரிந்துவிடும். ஆனால் எவ்வளவு ஓடும் என்பது வேறு கதை. அந்தக் கதையை விளங்கிக்கொள்ளத் தென்கொரியாவைப் போல நல்ல பாடம் வேறில்லை; முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரண்டு நாடுகளும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

கொரியப் போர் நின்ற சூட்டோடு, 1953 அக்டோபரில், இரு நாடுகளும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. படைவீரர்கள் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், தளம் யாருடையது என்பதையெல்லாம் வரையறுக்கும் படைநிலை ஒப்பந்தம் 1966இல் வந்தது. அதன் ஐந்தாவது பிரிவு தெளிவாகவே பேசுகிறது: நிலமும் வசதிகளும் கொரியா தரும், படையைப் பராமரிக்கும் மற்ற செலவெல்லாம் அமெரிக்காவுடையது. அதாவது, எழுதிய சட்டப்படி கொரியா ஒரு காசும் தர வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் நிலைமை மாறியது. அமெரிக்காவுக்குப் பட்ஜெட்டிலும் வணிகத்திலும் பற்றாக்குறை. கொரியாவோ ஒலிம்பிக் நடத்தி முடித்து, கார் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. "இப்போது உங்களால் முடியுமே" என்றது வாஷிங்டன். ஐந்தாவது பிரிவைத் திருத்தாமல், அதற்குத் தற்காலிக விலக்காக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதனால்தான் அதன் பெயர் 'சிறப்பு நடவடிக்கை ஒப்பந்தம்'. 1991இல் முதல் தவணை சுமார் 15 கோடி டாலர். அந்தத் தற்காலிகம் இப்போது பன்னிரண்டாவது பதிப்பில் இருக்கிறது.

இந்தப் பணம் மூன்று பெட்டிகளில் விழுகிறது. தளங்களில் வேலை பார்க்கும் கொரியர்களின் சம்பளம் ஒன்று. குடியிருப்பு, கிடங்கு, ஓடுபாதை போன்ற கட்டுமானம் இரண்டாவது. வெடிமருந்துச் சேமிப்பு, வாகனப் பழுது, போக்குவரத்து முதலிய தளவாடச் சேவை மூன்றாவது. அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் இதில் எங்கும் கிடையாது. கொரியா கூலிப்படை வைத்திருக்கிறது என்ற பேச்சு அடிக்கடி எழும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சம்பளப் பெட்டி கொரியர்களின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, கட்டுமானப் பெட்டி பெரும்பாலும் கொரிய நிறுவனங்களுக்குப் போகிறது. சியோல் அமெரிக்காவுக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி, அமெரிக்கத் தளம் இருக்கும் பியோங்டேக் போன்ற ஊர்களின் கடைத்தெருவிலேயே புழங்குகிறது.

சரி, மொத்தச் செலவு எவ்வளவு? அதில் யாருடைய பங்கு எவ்வளவு? அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் சம்பளத்தைப் பிரிக்கும்போது சண்டை வருவது பங்கைப் பற்றித்தான். சம்பளம் எவ்வளவு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இங்கே சம்பளமே என்னவென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது கிடையாது.

2019இல் டிரம்ப் நிர்வாகம் கேட்டது ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர். அந்த ஆண்டு கொரியா தந்துகொண்டிருந்தது 1,03,890 கோடி வொன். அன்றைய மதிப்பில் 92 கோடி டாலர் அளவு. ஐந்து மடங்குக்கும் மேல். கொரியாவில் இருந்த 28,500 அமெரிக்க வீரர்களுக்கு வகுத்துப் பார்த்தால், தலைக்கு ஆண்டுக்கு 32,000 டாலராக இருந்தது 1,75,000 டாலராக வேண்டும்.

இந்த 500 கோடிக்கு அடிப்படை என்ன? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021 மார்ச்சில் ஒரு கணக்கை வெளியிட்டது. 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டுகளில் கொரியாவில் இருக்கும் படைக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒதுக்கியது 1,340 கோடி டாலர். அதே காலத்தில் கொரியா பணமாகவும் பொருளாகவும் தந்தது 580 கோடி. இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 480 கோடி டாலர். வீரர்களின் சம்பளம் உட்பட இரு நாடுகளும் சேர்ந்து செலவழிக்கும் தொகையே அவ்வளவுதான். அதைவிட அதிகமாகக் கொரியாவிடம் மட்டும் கேட்டார்கள்.

அப்படிக் கேட்க ஒரு வழிதான் உண்டு: செலவு என்ற சொல்லை விரிப்பது. பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமிலிருந்து பறந்து வரும் குண்டுவீச்சு விமானம், கொரியக் கடலுக்கு வரும் விமானந்தாங்கிக் கப்பல், மாறிமாறி வரும் படைப்பிரிவுகளின் போக்குவரத்து, பயிற்சி எல்லாம் கொரியாவைக் காக்கத்தானே, அவற்றையும் சேருங்கள் என்றது வாஷிங்டன். மூன்று பெட்டிகளுக்கு வெளியே நான்காவதாக ஒன்றைத் திறக்கும் முயற்சி 2018 பேச்சுகளிலேயே நடந்தது. சியோல் அசையவில்லை. தொகையில் இறங்கி வந்தாலும் வரும், பெட்டியைத் திறக்க மட்டும் விடாது. என் பார்வையில் கொரியப் பேச்சாளர்களின் மிகப் பெரிய வெற்றி அதுதான்; தலைப்புச் செய்திகளில் அது வரவே இல்லை.

கொரியாவோ செலவை வேறு திசையில் விரிக்கும். சியோல் நடுவே யோங்சானில் இருந்த தலைமையகத்தைத் தெற்கே பியோங்டேக்கில் ஹம்ப்ரீஸ் முகாமுக்கு மாற்றிய திட்டம் சுமார் 1,080 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் கொரியாவின் பணம் என்று அங்கிருந்த அமெரிக்கத் தளபதி வின்சென்ட் புரூக்ஸே சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் அமெரிக்காவுக்கு இருக்கும் மிகப் பெரிய ராணுவத் தளம் அது. பள்ளி, மருத்துவமனை, கோல்ஃப் மைதானம் வரை உள்ள ஒரு நகரம். இந்தப் பணம் சிறப்பு ஒப்பந்தக் கணக்கில் பெரும்பகுதி வராது. இலவச நிலம் வராது. வரிவிலக்கு வராது. அமெரிக்கப் படைப்பிரிவுகளோடு இணைந்து சேவை செய்யும் கொரிய இளைஞர்களின் உழைப்பும் வராது. இதே புரூக்ஸ் 2016இல் செனட் விசாரணையில் இன்னொன்றும் சொன்னார்: இந்த வீரர்களை அமெரிக்காவில் வைத்திருப்பதைவிடக் கொரியாவில் வைத்திருப்பதே மலிவு. வீட்டுக்குக் கூட்டிப் போனால் சம்பளம் குறையாது. கொரியா தரும் பங்குதான் நின்றுபோகும்.

2019 நவம்பர் 19 அன்று சியோலில் நடந்த பேச்சு, முடிய வேண்டிய நேரத்துக்கு வெகுமுன்பே முறிந்தது. அமெரிக்கக் குழுத் தலைவர் ஜேம்ஸ் டிஹார்ட் எழுந்து போய்விட்டார். கொரியத் தரப்பு யோசித்துத் திரும்பி வர அவகாசம் தருகிறோம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஆண்டு முடிந்தது, ஒப்பந்தம் காலாவதியானது, புதியது வரவில்லை.

அடி விழுந்தது யார் மேல் என்றால், சம்பளப் பெட்டியை நம்பியிருந்தவர்கள் மேல். 2020 ஏப்ரல் 1 அன்று, கோவிட் பரவிக்கொண்டிருந்த வேளையில், தளங்களில் வேலை பார்த்த ஏறத்தாழ 9,000 கொரியர்களில் சுமார் 4,000 பேர் ஊதியமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். உயிர், உடல்நலம், பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வேலை பார்ப்பவர்களைத் தவிர மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மெக்கானிக்கும் கிடங்குக் கணக்கரும் அலுவலக உதவியாளரும் இரு அரசுகளின் பேரத்துக்குப் பிணையாக நின்றார்கள். சம்பளத்தை மட்டும் தனியாகப் பிரித்துத் தந்துவிடுகிறோம் என்று கொரியா சொன்னபோது முதலில் வாஷிங்டன் மறுத்தது. அந்த நெருக்கடி போய்விட்டால் பேரத்தில் பிடி எங்கே இருக்கும்? கடைசியில் கொரிய நாடாளுமன்றம் ஏப்ரல் முடிவில் இவர்களுக்கு உதவித்தொகை தரத் தனிச் சட்டமே போட்டது. ஜூன் தொடக்கத்தில் அமெரிக்கா இறங்கி வந்தது. அந்த ஆண்டு முழுவதற்குமான சம்பளமாக 20 கோடி டாலருக்கு மேல் கொரியா தர, ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

நடுவில் சியோல் 13 சதவீதம் உயர்த்தித் தர முன்வந்ததை டிரம்ப் தள்ளிவிட்டிருந்தார். ஆட்சி மாறி 2021 மார்ச்சில் பைடன் நிர்வாகத்தோடு உடன்பாடு வந்தபோது உயர்வு எவ்வளவு தெரியுமா? 13.9 சதவீதம். 2020க்குப் பழைய தொகையே, 2021க்கு 1,18,330 கோடி வொன். ஒன்றரை ஆண்டு இழுபறியில் தொகை அசைந்தது ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வரி சேர்ந்தது: கொரிய ஊழியர் சம்பளத்தில் கொரிய அரசின் பங்கு குறைந்தது 75 சதவீதம் என்றிருந்ததை 87 ஆக்கினார்கள். 2020 ஏப்ரலின் தழும்பு அந்த வரி.

இப்படி வரிகளுக்குள் ஒளிந்திருப்பவைதான் இந்தப் பேரத்தின் உண்மையான சரக்கு. எந்த நாணயத்தில் தருவது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் டாலரில் பேசினார்கள். 1997 இறுதியில் ஆசிய நெருக்கடி வந்து வொன் சரிந்தபோது, டாலரில் ஒத்துக்கொண்ட தொகை வீட்டுக் கணக்கில் பூதமாக வளர்ந்தது. 1998க்குப் பேசி வைத்த 39.9 கோடி டாலரை 31.4 கோடியாகக் குறைக்கக் கேட்டு வாங்கினார்கள். அதற்குப் பிறகு வொன் பங்கு கூடிக்கொண்டே போய், 2005 முதல் முழுவதும் வொன்னில்தான். நாணய மாற்றின் சூதாட்டம் அமெரிக்கா பக்கம் போய்ச் சேர்ந்தது.

பணமா பொருளா என்பது அடுத்தது. கட்டுமானத்துக்குக் கொரியா ரொக்கமாகத் தந்த காலத்தில் செலவழியாத பணம் ஆண்டுக்காண்டு தேங்கியது. வடக்கே எல்லைக்கு அருகிலிருந்த அமெரிக்கப் படைப்பிரிவை பியோங்டேக்குக்கு மாற்றும் செலவை அமெரிக்கா ஏற்பதாகத்தான் பேச்சு. தேங்கிய பணம் அதற்குப் போனது. தேங்கிய பணம் வட்டி ஈட்டியதா, வட்டி யாருடையது என்று கொரிய நாடாளுமன்றத்தில் பெரும் கூச்சல். 2009 ஒப்பந்தத்திலிருந்து கட்டுமானப் பங்கைப் படிப்படியாகப் பொருளாக, அதாவது கொரியாவே கட்டித் தருவதாக, மாற்றினார்கள். கல்யாணச் செலவுக்குப் பணமாகத் தருவதா, மண்டபத்தைப் பிடித்துத் தருவதா என்று சம்பந்திகள் யோசிப்பார்களே, அதே ஜாக்கிரதை.

ஆண்டு உயர்வை எதோடு கட்டுவது என்பது எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாதது. 2014 ஒப்பந்தம் விலைவாசி உயர்வோடு கட்டியது. 2021 ஒப்பந்தம் கொரியாவின் பாதுகாப்புப் பட்ஜெட் உயர்வோடு கட்டியது. கொரியா தன் ராணுவத்துக்கு அதிகம் செலவழித்தால் அமெரிக்கப் படைக்கும் தானாகவே அதிகம் தர வேண்டும்! இப்படி 2025இல் தொகை 1,40,280 கோடி வொன்னை எட்டியது. 2024 அக்டோபரில் முடிந்த பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2026க்கு 1,51,920 கோடி வொன் என்று வைத்தது, 8.3 சதவீத உயர்வு. எதிர்க்கட்சிகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதே ஒப்பந்தம் உயர்வை மீண்டும் விலைவாசியோடு கட்டியது, எப்படிப் போனாலும் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் போட்டது. விலைவாசி ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறினால் 2030இல் தர வேண்டியது சுமார் 1,64,440 கோடி. பழைய முறையே நீடித்து 4.3 சதவீதம் ஏறியிருந்தால் சுமார் 1,79,780 கோடி. முதல் ஆண்டில் விட்டுக்கொடுத்ததை வாலில் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்து நாடான ஜப்பானில் இதே கதைக்கு வேறு நிறம். 1978இல் பாதுகாப்பு முகமைத் தலைவராக இருந்த கனெமாரு ஷின், தளங்களின் ஜப்பானிய ஊழியர் செலவில் ஒரு பகுதியாக 620 கோடி யென்னை ஏற்றார். சட்டப்படி ஏன் தர வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கத்திலிருந்து 'பரிவு பட்ஜெட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பரிவு என்று தொடங்கியது 1999இல் 27,560 கோடி யென்னைத் தொட்டது. 2022இல் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுச் சராசரி சுமார் 21,100 கோடி யென். பரிவு என்ற சொல் டோக்கியோவுக்குக் கூச்சமாகிவிட்டதால் 'கூட்டணியை வலுவாக்கும் பட்ஜெட்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஜப்பான் ஒவ்வொரு இனமாகத் தேவையைப் பார்த்துத் தருகிறது. கொரியா மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு பெட்டிகளில் பிரிக்கிறது. மொத்தத்தை வைத்துப் பேசினால் எண்தான் அரசியலாகும். எண் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் தலைவருக்கு அது வசதி.

இந்தப் பேரம் ஆட்சியையே கவிழ்த்த கதையும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படையால் வெளியேறும் டாலரை ஈடுகட்ட, அந்நாடு அமெரிக்க ஆயுதம் வாங்க வேண்டும் என்று 1961 முதல் ஏற்பாடு. 1966 செப்டம்பரில் சான்சலர் லுட்விக் எர்ஹார்ட் வாஷிங்டன் போய்ச் சலுகை கேட்டார். அமெரிக்க அதிபர் ஜான்சன் பிடி கொடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியவரின் கூட்டணி, பட்ஜெட் பற்றாக்குறையை வரியால் அடைப்பதா என்ற சண்டையில் அடுத்த மாதமே உடைந்தது.

படை யாருக்காக இருக்கிறது என்ற கேள்வி இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. நம் பக்கத்து வரலாற்றில் இது பழைய வழக்கு. 1864இல் கொழும்பில், பிரிட்டிஷ் படைச் செலவை இலங்கையின் தலையில் கட்டுவதை எதிர்த்துச் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற, அதாவது அரசு அதிகாரிகள் அல்லாத, உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். அடுத்த ஆண்டு இலங்கைச் சங்கம் உருவானது அந்தக் கோபத்தில்தான். இந்திய ராணுவம் பேரரசின் வேலையையும் பார்க்கிறது என்பதைக் கணக்கில் ஏற்று ஆண்டுக்கு 15 லட்சம் பவுன் தர பிரிட்டன் ஒத்துக்கொண்டது 1933இல். அதற்கு ஒரு நடுவர் மன்றமே உட்கார வேண்டியிருந்தது.

கொரியாவில் அந்தக் கேள்வி 2004இல் உரக்க எழுந்தது. அங்கிருந்த அமெரிக்கப் படையின் ஒரு பிரிகேட், சுமார் 3,600 வீரர்கள், ஈராக் போருக்குப் போனது. அது திரும்பவும் இல்லை. ஈராக்குக்குப் போகும் படைக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்? ஆள் குறைந்ததைக் காட்டிப் பேசியதில், 2004இல் 74,690 கோடி வொன்னாக இருந்தது 2005இல் 68,040 கோடியாக இறங்கியது. 1998ஐத் தள்ளிவிட்டால் தொகை குறைந்த ஒரே தடவை. ஆனால் 2006இல் அமெரிக்கப் படை தேவைப்பட்ட இடத்துக்குப் போய்வரலாம் என்ற கொள்கையைக் கொரியாவும் மதிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டது. இன்று பியோங்டேக்கிலிருந்து சீனக் கடற்கரை அவ்வளவு தூரமில்லை என்று அமெரிக்கத் தளபதிகள் பேசும்போது, செலவுக் கணக்கில் இந்தக் கேள்வி மறுபடி தலைதூக்குகிறது.

போய்விடுவோம் என்ற மிரட்டல் வெறும் பேச்சு என்று கொரியர்களால் ஒதுக்க முடியாது. 1971இல் நிக்சன் ஒரு முழு டிவிஷனை, சுமார் 20,000 பேரை, அழைத்துக்கொண்டார். கார்ட்டர் மிச்சமிருந்த தரைப்படையையும் எடுக்கப் புறப்பட்டு, தன் ராணுவமும் நாடாளுமன்றமும் எதிர்த்ததால் 1979இல் நிறுத்தினார். சமீப ஆண்டுகள் சிலவற்றில் அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் 28,500க்குக் கீழே குறைக்கப் பணம் தரமாட்டோம் என்று நிபந்தனை போட்டதும் அந்த நினைவால்தான்.

கையெழுத்தின் பலமும் இரு பக்கமும் ஒன்றல்ல. கொரியாவில் இந்த ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அரசியல் சட்டம் அப்படிச் சொல்கிறது. அமெரிக்காவில் அது அதிபரின் நிர்வாக ஒப்பந்தம் மட்டும். ஒரு அதிபர் போட்டதை இன்னொருவர் மீண்டும் பேசலாம் என்றால் தடுக்க ஆளில்லை. பழைய ஒப்பந்தம் 2025 இறுதி வரை இருக்கும்போதே புதியதை 2024 அக்டோபரில், அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, முடித்துக்கொண்ட அவசரத்துக்குக் காரணம் வேறென்ன? கையெழுத்தின் மை காயுமுன்னே சிகாகோ கூட்டமொன்றில் டிரம்ப், கொரியா பணம் காய்க்கும் இயந்திரம், நான் இருந்தால் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் தந்திருப்பார்கள் என்றார்.

அவர் வந்தும்விட்டார். ஆனால் பன்னிரண்டாவது ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை. 2025 அக்டோபர் முடிவில் கொரியாவின் கியோங்ஜு நகரில் கொரிய அதிபர் லீ ஜே-மியுங்கைச் சந்தித்த பின், நவம்பரில் வந்த கூட்டறிக்கையில் வேறு எண்கள் இடம்பெற்றன: கொரியாவின் பாதுகாப்புச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதம், 2030க்குள் 2,500 கோடி டாலருக்கு அமெரிக்க ஆயுதம், கொரியாவில் உள்ள அமெரிக்கப் படைக்கு 3,300 கோடி டாலர் அளவுக்கு 'முழுமையான ஆதரவு'. அந்தக் கடைசி வரியில் எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை. இலவச நிலமும் வரிவிலக்கும் அதற்குள் வருமா என்றும் இல்லை. 2026க்குத் தர வேண்டியது மட்டும் முன்பு எழுதிய அதே 1,51,920 கோடி வொன்.